சிஎஸ்எஸ்-இல் ஒரு பெட்டியை நடுவில் நிறுத்துவது எப்படி

டிவ்வை (வெப் பக்கத்தில் எதையும் போட்டு வைக்கும் வெறும் பெட்டியை) நடுவில் கொண்டுவரத் தெரியவில்லை என்பது வெப் டெவலப்பர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் பழைய வசனம். கிண்டலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இன் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வந்தது; பொருட்களை ஒரே வரிசையில் அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸை எல்லா முக்கிய பிரவுசரிலும் நம்பி எழுதலாம் என்ற நிலைமை வருவதற்கு 2014-ஐத் தாண்டிவிட்டது, கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் வந்து சேர்ந்தது 2017 மார்ச்சில். இடையில் இருந்த அத்தனை வருஷமும், மேலிருந்து கீழாக ஒன்றை நடுவில் நிறுத்த டேபிள் செல்லைத் தவிர நேரான வழி எதுவும் கிடையாது. அதனால் ஆளாளுக்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: நெகட்டிவ் மார்ஜின், லைன்-ஹைட்டை பெட்டியின் உயரத்துக்குச் சமமாக வைப்பது, தேவையே இல்லாத ஒரு டேபிளைப் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் திணிப்பது. அந்தத் தந்திரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, புதிதாகப் படிக்கிறவர் ஏழெட்டு வழியைப் பார்த்துவிட்டு எது ஒட்டுகிறதோ அதை ஒட்டிவிட்டுப் போகிறார், ஆறு மாதம் கழித்து அதே பக்கம் போனில் கோணலாக நிற்கும்போது ஏன் என்று அவருக்கும் தெரிவதில்லை.

வழிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நடுவில் வைப்பது என்றால் மீதி இருக்கும் இடத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போடுவது, அவ்வளவுதான். ஆகவே எதுவும் வேலை செய்யாதபோது மூன்றே கேள்வி கேளுங்கள். மீதி இடம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? எந்தத் திசையில் இருக்கிறது? அதைப் பங்கு போடுவது வெளிப்பெட்டியா, உள்பெட்டியா? கீழே வருவது எல்லாம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குள் வந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம், ப்ராப்பர்ட்டிகளின் பெயரை இங்கே உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இடம் வலமாக

டிவ் ஒரு பிளாக் பெட்டி. எதுவும் சொல்லாமல் விட்டால் வெளிப்பெட்டியின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கூடம் முழுக்கப் பாயை விரித்துவிட்டு "பாயை நடுவில் போடு" என்றால் எங்கே போடுவது? அதே கதைதான். முதலில் பெட்டிக்கு ஓர் அகலம் கொடுத்து மீதி இடத்தை உண்டாக்க வேண்டும், அப்புறம் அந்த மீதியை ஆட்டோ மார்ஜின் (மார்ஜின் என்பது பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) பங்கு போடும்:

மேக்ஸ்-விட்த்: 600 பிக்சல்;
மார்ஜின்-இன்லைன்: ஆட்டோ;

விட்த் என்று எழுதாமல் மேக்ஸ்-விட்த் என்று எழுதியதைக் கவனியுங்கள். விட்த் 600 என்றால் 360 பிக்சல் அகல போனிலும் 600-தான், பக்கம் பக்கவாட்டில் ஸ்க்ரோல் ஆகும். மேக்ஸ்-விட்த் என்றால் இடம் குறைந்தால் பெட்டியும் குறையும். ஆனால் அப்போது பெட்டி திரையின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கும், அது பிடிக்கவில்லை என்றால் விட்த்: மின்(100% - 2 ரெம், 600 பிக்சல்) என்று ஒரே வரியில் முடிக்கலாம் (மின் இரண்டில் சின்னதை எடுக்கும், ரெம் என்றால் பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு), கழித்தல் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட மறக்காதீர்கள், இடைவெளி இல்லாவிட்டால் பிரவுசர் அந்த வரியையே தூக்கி எறிந்துவிடும்.

பழைய பழக்கத்தில் மார்ஜின்: 0 ஆட்டோ என்று எழுதுவோம். தப்பில்லை, ஆனால் அது மேலே கீழே ஏற்கெனவே கொடுத்திருந்த மார்ஜினையும் பூஜ்யமாக்கிவிடும். "தலைப்புக்குக் கீழே இருந்த இடைவெளி எங்கே போச்சு" என்று தேடும்போது பெரும்பாலும் குற்றவாளி இதுதான். மார்ஜின்-இன்லைன் பக்கவாட்டை மட்டும் தொடும்.

சரி, மார்ஜின்: ஆட்டோ என்று நான்கு பக்கமும் போட்டால் மேலிருந்து கீழாகவும் நடுவில் வந்துவிடாதா? சாதாரண பிளாக் ஓட்டத்தில் வராது. அங்கே மேல், கீழ் ஆட்டோ மார்ஜினுக்கு பூஜ்யம் என்றுதான் அர்த்தம், விதியே அப்படி. ஃபிளெக்ஸ், கிரிட் பெட்டிக்குள் போனால் அதே வரி நான்கு பக்கமும் வேலை செய்யும், அதற்குப் பிறகு வருகிறேன். ஃப்ளோட் போட்டு ஓரத்தில் ஒதுக்கிய பெட்டிக்கு பக்கவாட்டிலும் ஆட்டோ வேலை செய்யாது, ஃப்ளோட்டை எடுத்துவிடுங்கள்.

எழுத்தும் படமும் தனி. டெக்ஸ்ட்-அலைன்: சென்டர் என்பது பெட்டியை நகர்த்தாது, பெட்டிக்குள் இருக்கும் வரிகளை நகர்த்தும். எழுத்து, லிங்க், இன்லைன்-பிளாக் பட்டன் எல்லாம் வரியில் உட்காருபவை, அதனால் அவற்றுக்கு வெளிப்பெட்டியில் இதைக் கொடுத்தால் போதும். இது குழந்தைப் பெட்டிகளுக்கும் வாரிசாக இறங்கும் என்பதால் பாடி டேகில் கொடுத்துவிட்டு அப்புறம் ஒவ்வொரு பத்தியையும் இடதுக்கு இழுத்துக்கொண்டிருக்க நேரும். தலைப்புக்கும் பட்டனுக்கும் மட்டும் கொடுங்கள். நாலு வரிக்கு மேல் போகும் தமிழ்ப் பத்தியை நடுவில் சீர் செய்தால், வார்த்தைகள் நீளமாக இருப்பதால் வரிக்கு வரி ஆரம்ப இடம் தாறுமாறாகத் தாவும், படிக்கிறவர் கண்ணுக்கு அது சித்ரவதை.

படத்துக்கு மார்ஜின் ஆட்டோ போட்டு எதுவும் நடக்கவில்லையா? படம் இயல்பில் இன்லைன், வரியில் ஒரு எழுத்து மாதிரி நடந்துகொள்ளும். டிஸ்ப்ளே: பிளாக் கொடுத்துவிட்டு ஆட்டோ போடுங்கள், நகரும். படத்துக்கு அடியில் காரணமே இல்லாமல் நாலைந்து பிக்சல் இடைவெளி தெரிந்துகொண்டிருந்தால் அதுவும் இத்தோடு போய்விடும்.

சென்டர் டேக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் எச்டிஎம்எல் 3.2-இல் இருந்தது, அடுத்த பதிப்பிலேயே தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள், பிரவுசர்கள் பழைய பக்கங்களுக்காக இன்னும் அதை மதிக்கின்றன. புதிய பக்கத்தில் எழுத வேண்டாம்.

மேலிருந்து கீழாக

"ஃபிளெக்ஸ் போட்டேன், அலைன்-ஐட்டம்ஸ் சென்டர் போட்டேன், ஆனாலும் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது." இந்தப் புலம்பலுக்குப் பத்தில் எட்டுத் தடவை ஒரே பதில்: உங்கள் வெளிப்பெட்டிக்கு உயரமே இல்லை. அகலத்தை பிளாக் பெட்டி தானாக முழுசாக எடுத்துக்கொள்ளும், உயரத்தை அப்படி எடுத்துக்கொள்ளாது, உள்ளே இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான். உள்ளே 200 பிக்சல் ஃபார்ம் இருந்தால் வெளிப்பெட்டியும் 200. மீதி பூஜ்யம். பூஜ்யத்தை எப்படிப் பங்கு போட்டாலும் பூஜ்யம்தான். பிரவுசர் சரியாகத்தான் நடுவில் வைத்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

சந்தேகமாக இருந்தால் வெளிப்பெட்டிக்கு அவுட்லைன்: 1 பிக்சல் சாலிட் ரெட் என்று ஒரு வரி போடுங்கள். பார்டர் போட்டால் அதுவே இடம் எடுத்து அளவை மாற்றும், அவுட்லைன் எடுக்காது. சிவப்புக் கோடு உள்பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தால் பிரச்சினை உயரத்தில். இந்த ஒரு வரியை முதலில் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

உயரம் கொடுக்க ஹைட்: 100% என்று எழுதுவார்கள். எதில் நூறு சதவீதம்? வெளியே இருக்கும் பெட்டியில். அதற்கு உயரம் சொல்லியிருக்கிறதா? இல்லை என்றால் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை, ஆட்டோவாகிவிடும். எச்டிஎம்எல் டேகிலிருந்து ஒவ்வொரு படியாக 100% கொடுத்துக்கொண்டே வர வேண்டும், நடுவில் ஒரு டிவ்வை விட்டால் சங்கிலி அறுந்துவிடும். அதைவிட நேராகத் திரையின் உயரத்தைக் கேட்பது நல்லது:

மின்-ஹைட்: 100 விஎச்;
மின்-ஹைட்: 100 டிவிஎச்;

இரண்டு வரியும் வேண்டும், இதே வரிசையில். போன் பிரவுசரில் மேலே இருக்கும் அட்ரஸ் பார் ஸ்க்ரோல் செய்தால் மறைவதும் திரும்ப வருவதுமாக இருக்கும். விஎச் அந்தப் பட்டை மறைந்திருக்கும் பெரிய உயரத்தைக் கணக்கில் எடுக்கும், அதனால் பக்கம் திறந்தவுடன் பெட்டி திரையைவிட உயரமாக இருக்கும், உள்ளே இருப்பது கொஞ்சம் கீழே தள்ளி நிற்கும். டிவிஎச் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் உயரத்தை எடுக்கும். இது 2022-இல்தான் எல்லா பிரவுசருக்கும் வந்தது, பழைய போனில் புரியாத வரியை பிரவுசர் தாண்டிப் போய்விடும், மேலே இருக்கும் விஎச் கைகொடுக்கும். அப்புறம் பாடிக்கு இயல்பாகவே 8 பிக்சல் மார்ஜின் உண்டு, அதை எடுக்காமல் நூறு கொடுத்தால் எதுவுமே இல்லாத பக்கத்துக்கும் ஸ்க்ரோல் பார் வரும். பாடிக்கு மார்ஜின்: 0.

ஹைட் என்று எழுதாமல் மின்-ஹைட் என்று எழுதுவது ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே பார்க்கலாம், அது சும்மா இல்லை.

உயரம் வந்தாயிற்று, இனி பங்கு போடுவது சுலபம். உள்ளே ஒரே ஒரு பெட்டி என்றால் நான் கிரிட்டைத்தான் எடுப்பேன்:

டிஸ்ப்ளே: கிரிட்;
பிளேஸ்-ஐட்டம்ஸ்: சென்டர்;

முடிந்தது. திசை யோசிக்க வேண்டாம். ஃபிளெக்ஸில் இதற்கு மூன்று வரி: டிஸ்ப்ளே: ஃபிளெக்ஸ், ஜஸ்டிஃபை-கன்டென்ட்: சென்டர், அலைன்-ஐட்டம்ஸ்: சென்டர். அதிலும் ஜஸ்டிஃபை என்றால் பக்கவாட்டு, அலைன் என்றால் மேல்கீழ் என்று மனப்பாடம் செய்தவர்கள் ஃபிளெக்ஸ்-டைரக்‌ஷனை காலம் (நெடுவரிசை) ஆக்கியவுடன் மாட்டிக்கொள்வார்கள். ஜஸ்டிஃபை என்பது பொருட்கள் அடுக்கப்படும் திசை, அலைன் அதற்குக் குறுக்கே. காலம் போட்டால் அடுக்கும் திசை மேலிருந்து கீழ் ஆகிவிடும், இரண்டும் இடம் மாறிவிடும். ஐகானும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில், பட்டன் வரிசை, மெனு வரிசை என்று ஒரே வரியில் பல பொருட்கள் இருந்தால் ஃபிளெக்ஸ்தான் பொருத்தம்.

கிரிட்டில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே ஒரு தலைப்பு, ஒரு பட்டன் என்று இரண்டு பொருள் வைத்துவிட்டு பிளேஸ்-ஐட்டம்ஸ் கொடுத்தால் இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கும், தலைப்பு மேல் பாதியின் நடுவில், பட்டன் கீழ்ப் பாதியின் நடுவில் என்கிற மாதிரி. காரணம், கிரிட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை ஒதுக்கி, மீதி உயரத்தை அந்த வரிசைகளுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டது. பிளேஸ்-ஐட்டம்ஸ் ஒவ்வொரு பொருளையும் அதனதன் கட்டத்துக்குள் நடுவில் வைத்தது. நமக்கு வேண்டியது கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து நடுவில் வைப்பது. அதற்கு பிளேஸ்-கன்டென்ட்: சென்டர், கூடவே ஜஸ்டிஃபை-ஐட்டம்ஸ்: சென்டர், இடைவெளிக்கு கேப். இரண்டையும் ஒரு டிவ்வுக்குள் சுற்றி அந்த டிவ்வை பிளேஸ்-ஐட்டம்ஸால் நடுவில் வைத்தாலும் சரிதான்.

இன்னொன்று, சென்டர் என்று சொன்ன உடனே உள்பெட்டி விரிவதை நிறுத்திவிடும். இவ்வளவு நேரம் முழு அகலத்துக்கு நின்ற லாகின் ஃபார்ம் திடீரென்று ஒடுங்கிப்போய் நடுவில் குச்சியாக நிற்கும். விரிந்தால் மீதி இருக்காது, மீதி இருந்தால்தான் நடு என்று ஒன்று உண்டு, அதனால் பிரவுசர் பெட்டியை உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. எவ்வளவு அகலம் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்: விட்த்: மின்(100%, 400 பிக்சல்).

2024-இல் இதைவிடச் சுருக்கமான ஒன்று வந்தது. சாதாரண பிளாக் பெட்டியிலேயே, டிஸ்ப்ளேவை மாற்றாமல், அலைன்-கன்டென்ட்: சென்டர் என்று ஒரே வரி எழுதினால் உள்ளே இருப்பது மேலிருந்து கீழாக நடுவில் வந்துவிடும். குரோம் 123, ஃபயர்ஃபாக்ஸ் 125, சஃபாரி 17.4 தொடங்கி வேலை செய்கிறது. ஃபிளெக்ஸ், கிரிட் போட்டால் உள்ளே இருக்கும் பத்திகள் எல்லாம் தனித்தனிப் பொருளாகிவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை, பத்தி பத்தியாகவே இருக்கும். பழைய பிரவுசரில் மேலே ஒட்டி நிற்கும், வேறு எதுவும் உடையாது. பட்டியல் அட்டைகளுக்கு இதை யோசிக்காமல் போடலாம். லாகின் பக்கம் மாதிரி நடுவில் இருந்தே ஆக வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்ச நாள் கிரிட்டையே வைத்துக்கொள்வேன்.

இடம் போதாமல் போனால்

மீதி இடம் மைனஸில் போனால் என்ன ஆகும்? இதைத்தான் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. 500 பிக்சல் உயரப் பெட்டிக்குள் 700 பிக்சல் ஃபார்ம் வந்துவிட்டது என்று வையுங்கள். சென்டர் தன் வேலையை விசுவாசமாகச் செய்யும்: மேலே 100, கீழே 100 என்று வழிய விடும். கீழே வழிந்ததை ஸ்க்ரோல் செய்து பார்க்கலாம். மேலே வழிந்ததை பார்க்கவே முடியாது, ஸ்க்ரோல் பூஜ்யத்துக்கு மேல் போகாது. ஃபார்மின் தலைப்பும் முதல் கட்டமும் காணாமல் போய்விடும். போனைப் படுக்கவைத்தால், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் பக்கத்தைத் திறந்தால், இதெல்லாம் நடக்கும். உங்கள் பெரிய மானிட்டரில் நடக்கவே நடக்காது.

அதனால்தான் மின்-ஹைட். உள்ளடக்கம் அதிகமானால் வெளிப்பெட்டியும் வளரும், மைனஸ் என்ற பேச்சே வராது. ஸ்க்ரோல் ஆகும் பாப்அப் மாதிரி உயரத்தைப் பூட்டித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில், வெளிப்பெட்டியில் ஃபிளெக்ஸ் மட்டும் வைத்துவிட்டு சென்டர் வரிகளை எடுத்துவிட்டு, உள்பெட்டிக்கு மார்ஜின்: ஆட்டோ கொடுங்கள். மேலே சொன்னேனே, ஃபிளெக்ஸுக்குள் ஆட்டோ நான்கு பக்கமும் வேலை செய்யும் என்று, அதுதான். ஆட்டோ மார்ஜின் மீதி இருந்தால் பங்கு போடும், இல்லாவிட்டால் பூஜ்யமாகிவிடும், மைனஸுக்குப் போகவே போகாது. அலைன்-ஐட்டம்ஸ்: சேஃப் சென்டர் என்றும் எழுதலாம், இடம் போதாதபோது ஆரம்பத்துக்கு ஒதுங்கிவிடு என்று அர்த்தம்.

பக்கவாட்டிலும் இதே சிக்கல் உண்டு, தமிழ்ப் பக்கங்களில் இது கொஞ்சம் அதிகமாகவே வரும். "ஒருங்கிணைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது" மாதிரி ஒரு வார்த்தை பெரிய எழுத்துத் தலைப்பில் இருந்தால் அதுவே திரையைவிட அகலம். ஃபிளெக்ஸ் பொருள் தன் மிக நீளமான வார்த்தையைவிடச் சின்னதாகச் சுருங்காது, நடுவில் வேறு வைத்திருப்பதால் இரண்டு பக்கமும் வழிந்து முதல் இரண்டு எழுத்து இடதுபுறம் மறைந்துவிடும். ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர் கொடுங்கள். பிரேக்-வேர்ட் என்ற மதிப்பும் வார்த்தையை உடைக்கும், ஆனால் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அதை பிரவுசர் சேர்த்துக்கொள்ளாது, எனிவேரைச் சேர்த்துக்கொள்ளும். ஃபிளெக்ஸுக்குள் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஒன்றின் மேல் ஒன்று

படத்தின் நடுவில் எழுத்து, வீடியோவின் நடுவில் பிளே பட்டன், இதற்குப் பலரும் எடுப்பது டாப்: 50%, லெஃப்ட்: 50%, டிரான்ஸ்ஃபார்ம்: டிரான்ஸ்லேட்(-50%, -50%). முதல் இரண்டு சதவீதமும் வெளிப்பெட்டியின் அளவில், டிரான்ஸ்லேட்டின் சதவீதம் உள்பெட்டியின் சொந்த அளவில், அதனால் கணக்கு சரியாக வந்துவிடும். இது வேலை செய்ய உள்பெட்டிக்கு பொசிஷன்: அப்சல்யூட், வெளிப்பெட்டிக்கு பொசிஷன்: ரிலேட்டிவ் இருக்க வேண்டும், ரிலேட்டிவ் இல்லாவிட்டால் பெட்டி மேலே மேலே போய்க் கடைசியில் பக்கத்தையே வெளிப்பெட்டியாக எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் நிற்கும்.

இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. லெஃப்ட் 50% கொடுத்தவுடன் பெட்டி நடுவிலிருந்து ஆரம்பிக்கிறது, அதற்குக் கிடைக்கும் அகலம் மிச்சப் பாதி மட்டும், டிரான்ஸ்லேட் அதற்கு அப்புறம்தான் இழுக்கிறது. ஆகவே ஒரே வரியில் அடங்கியிருக்க வேண்டிய எழுத்து பாதி அகலத்திலேயே மடிந்து இரண்டு மூன்று வரியாகிவிடும். இதற்குப் பதிலாக:

பொசிஷன்: அப்சல்யூட்;
இன்செட்: 0;
விட்த்: ஃபிட்-கன்டென்ட்;
ஹைட்: ஃபிட்-கன்டென்ட்;
மார்ஜின்: ஆட்டோ;

இன்செட் 0 நான்கு ஓரத்தையும் பிடித்துக்கொள்கிறது, அளவு உள்ளடக்கத்துக்குப் போதுமானதாக நிற்கிறது, மீதியை ஆட்டோ பங்கு போடுகிறது. அப்சல்யூட்டே வேண்டாம் என்றால் வெளிப்பெட்டியை கிரிட் ஆக்கி, படத்துக்கும் எழுத்துக்கும் கிரிட்-ஏரியா: 1 / 1 கொடுத்து இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடலாம், எழுத்துக்கு பிளேஸ்-செல்ஃப்: சென்டர். எழுத்து நீளமானால் கட்டமும் சேர்ந்து வளரும், அப்சல்யூட்டில் வளராது. நான் இப்போதெல்லாம் இதைத்தான் எழுதுகிறேன்.

பாப்அப் என்றால் டயலாக் டேகை ஷோமோடல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையை வைத்துத் திறங்கள், பிரவுசரே திரையின் நடுவில் வைத்துவிடும். எப்படி வைக்கிறது என்று பார்த்தால் மேலே எழுதிய அதே இன்செட் 0, மார்ஜின் ஆட்டோதான், பொசிஷன் மட்டும் ஃபிக்ஸ்டு. அதனால் எல்லாவற்றுக்கும் மார்ஜின் 0 என்று நட்சத்திரக் குறி போட்டு எழுதும் ரீசெட் கோப்பு இருந்தால் அந்த ஆட்டோவும் அழிந்து டயலாக் மேல் இடது மூலைக்கு ஓடிவிடும். டயலாக்குக்கு மார்ஜின்: ஆட்டோவைத் திருப்பிக் கொடுங்கள்.

மேல் பட்டையில் லோகோவை நடுவில் வைப்பது

இடது பக்கம் மெனு, நடுவில் லோகோ, வலது பக்கம் ஒரு பட்டன். ஜஸ்டிஃபை-கன்டென்ட்: ஸ்பேஸ்-பிட்வீன் போட்டுவிட்டு லோகோ நடுவில் இருக்கிறது என்று நம்புவோம். மெனு 300 பிக்சல், பட்டன் 100 பிக்சல் என்றால் லோகோ 100 பிக்சல் வலதுபுறம் தள்ளி நிற்கும், ஏனென்றால் ஸ்பேஸ்-பிட்வீன் இடைவெளிகளைத்தான் சமமாக்குகிறது, ஓரங்களை இல்லை. பெட்டியின் உண்மையான நடுவில் வர இரண்டு பக்கமும் சமமான பங்கு வேண்டும்:

டிஸ்ப்ளே: கிரிட்;
கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: மின்மேக்ஸ்(0, 1 எஃப்ஆர்) ஆட்டோ மின்மேக்ஸ்(0, 1 எஃப்ஆர்);
அலைன்-ஐட்டம்ஸ்: சென்டர்;

வலது பட்டனுக்கு ஜஸ்டிஃபை-செல்ஃப்: எண்ட். வெறும் 1 எஃப்ஆர் (மீதி இடத்தில் ஒரு பங்கு) என்று எழுதினாலும் பெரும்பாலும் நடக்கும், ஆனால் மெனு தன் பங்கைவிடப் பெரிதானால் கட்டத்தை விரித்து லோகோவைத் தள்ளிவிடும். மின்மேக்ஸ் போட்டால் தள்ளாது, மெனுதான் வழியும், அதை நீங்கள் மறைத்தோ மடித்தோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு சரி, கண்ணுக்குத்தான் கோணல்

எல்லாம் சரியாக எழுதியும் கொஞ்சம் தள்ளி இருக்கிற மாதிரியே தெரிகிறதா? மெனு என்றால் முதலில் யுஎல் டேகைப் பாருங்கள், அதற்கு இடதுபுறம் 40 பிக்சல் பேடிங் (பெட்டியின் உள்பக்க இடைவெளி) பிரவுசரே கொடுத்து வைத்திருக்கும், லிஸ்ட்-ஸ்டைல் நன் போட்டுப் புள்ளியை மறைத்தாலும் பேடிங் போகாது. மெனு 20 பிக்சல் வலதில் நிற்கும். பேடிங்: 0. லெட்டர்-ஸ்பேசிங் கொடுத்த தலைப்பில் கடைசி எழுத்துக்குப் பின்னாலும் அந்த இடைவெளி சேர்ந்து எழுத்து இடதுக்குத் தள்ளி நிற்கலாம்.

பட்டனுக்குள் தமிழ் எழுத்து என்றால் இன்னொரு பஞ்சாயத்து. பிரவுசர் நடுவில் வைப்பது எழுத்துரு ஒதுக்கியிருக்கும் உயரத்தை. மையால் வரைந்த எழுத்தின் உருவத்தை அது பார்ப்பதில்லை. தமிழில் புள்ளியும் இகரக் கொக்கியும் மேலே போகும், கு, கூ, ரு, ழு எல்லாம் கீழே வால் நீட்டும், ஒவ்வொரு எழுத்துருவும் இதற்கு ஒவ்வொரு விதமாக இடம் ஒதுக்கியிருக்கும். அதனால் "சமர்ப்பி" ஒரு எழுத்துருவில் சரியாக நின்று இன்னொன்றில் இரண்டு பிக்சல் இறங்கித் தெரியும். இங்கே ஹைட்டையும் லைன்-ஹைட்டையும் ஒரே எண்ணாகப் பூட்டும் பழைய தந்திரம் ஆகவே ஆகாது, எழுத்து இரண்டு வரியானால் இரண்டாவது வரி பட்டனை விட்டு வெளியே விழும். உயரத்தை விட்டுவிடுங்கள், மேலும் கீழும் பேடிங் கொடுங்கள், ஏறி இறங்கித் தெரிந்தால் ஒரு பக்கத்தில் ஓரிரு பிக்சல் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட்-பாக்ஸ் என்று ஒரு புது ப்ராப்பர்ட்டி சஃபாரி 18.2-இலும் குரோம் 133-இலும் வந்திருக்கிறது, எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள உபரியை வெட்டிவிடும், ஆனால் பரவலாகக் காட்டப்படும் கேப் (இடைவெளிக்கான கேப் இல்லை, கேபிடலின் சுருக்கம்), ஆல்ஃபபெட்டிக் என்ற அளவு ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்தது, தமிழின் வால் அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பேடிங்கை தாராளமாக வைத்தால் அதையும் பயன்படுத்தலாம். அப்புறம், பட்டன் டேக் தன் உள்ளடக்கத்தைத் தானே மேல்கீழ் நடுவில் வைத்துக்கொள்ளும், பட்டன் மாதிரி அலங்கரித்த லிங்க் வைத்துக்கொள்ளாது. லிங்க்குக்கு இன்லைன்-ஃபிளெக்ஸ், அலைன்-ஐட்டம்ஸ் சென்டர்.

வட்டத்துக்குள் பிளே முக்கோணம் வைத்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு சரியாக வைத்தாலும் இடதுபுறம் சாய்ந்த மாதிரியே இருக்கும். முக்கோணத்தின் கனம் முழுக்க இடது பக்கம், அதன் மையம் இடது ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது, பிரவுசரோ அதைச் சுற்றியுள்ள செவ்வகத்தின் நடுவைத்தான் எடுக்கும். அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வலதுக்குத் தள்ளினால் கனம் நடுவில் வரும், 24 பிக்சல் ஐகானுக்கு 4 பிக்சல். அதிகமாகத் தெரிந்தால் மூன்றாக்குங்கள், இங்கே கண் சொல்வதுதான் தீர்ப்பு.

கடைசியாக ஸ்க்ரோல் பார். விட்த்: 100 விடபிள்யூ (திரையின் முழு அகலம்) என்று எழுதினால் விண்டோஸ் மாதிரி ஸ்க்ரோல் பார் இடம் பிடிக்கும் கணினிகளில் அந்தப் பட்டையின் அகலமும் கணக்கில் சேர்ந்துவிடும், பெட்டி அகலமாகி நடு சற்று வலதுக்குப் போகும், பக்கவாட்டு ஸ்க்ரோலும் கூடவே வரும். 100% போதும், இல்லாவிட்டால் எதுவுமே எழுத வேண்டாம். டயலாக் திறக்கும்போது பின்னால் பக்கம் ஸ்க்ரோல் ஆகக்கூடாது என்று பாடிக்கு ஓவர்ஃப்ளோ: ஹிடன் போட்டீர்கள் என்றால் ஸ்க்ரோல் பார் மறையும், அந்த இடமும் மீதியில் சேரும், நடுவில் இருந்ததெல்லாம் ஏழெட்டு பிக்சல் வலதுக்குக் குதிக்கும், மூடினால் திரும்பக் குதிக்கும். எச்டிஎம்எல் டேகுக்கு ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிள் கொடுத்து அந்த இடத்தை எப்போதும் ஒதுக்கி வைத்துவிடுங்கள், குதிப்பது நின்றுவிடும்.